பாதிப் பந்தியில் எழுந்தவர்கள்

குணா, அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். அதில் மூன்று இடத்தில் "எல்லாம் நல்லபடியா நடக்கும்மா, கவலைப்படாதீங்க" என்று எழுதியிருக்கிறாய். ஒரு தடவை எழுதியிருந்தால் பேசாமல் நம்பியிருப்பேன். மூன்று தடவை எழுதினால், இவன் எதையோ மறைக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். இரண்டு நாள் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் துணி துவைக்கும்போதுதான் உறைத்தது, இந்த வீட்டில் மறைத்துக்கொண்டிருப்பவள் நான் என்று. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள். ஆனால் பாதியில் மூடி வைத்துவிடாதே. உன் கல்யாண விருந்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது.

என் குணம் உனக்குப் புதிதல்ல. முட்டை வாங்கினால் கடையிலேயே தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தால், அதே காய்ச்சலுக்கு அடுத்த வீட்டுக்காரிக்கும் அதே மாத்திரைதானா என்று போய் வாங்கிப் பார்ப்பேன். நீ வகுப்பில் முதலாவதாக வந்த வருஷம், மார்க்கைச் சரியாகத்தான் கூட்டினீர்களா என்று வாத்தியாரிடம் கேட்டவள் நான். நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இதையெல்லாம் என் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்து இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டேன். தேயிலைக் காட்டில் பிறந்தவளுக்கு வேறு வழியும் இல்லை. கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் கங்காணியின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் உனக்கும் "கண்ணைத் திறந்து வைத்துக்கொள்" என்றே சொல்லி வளர்த்தேன். அதை இப்போதும் தப்பென்று சொல்லமாட்டேன்.

போன தீபாவளிக்கு பினாங்கிலிருந்து வந்தபோது மாலதியைப் பற்றிச் சொன்னாய். யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன். "கோலா தெர்லாவுல இருக்குற அந்தோணி மகம்மா. பங்களா ஹோட்டல்ல பெரிய குக்கா இருக்காரே, அவரு" என்றாய். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர்கள் வேதக்காரர்கள் என்பதால்தான் எனக்கு மனசில்லை என்று நீ நினைத்தாய். உன் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். "காலம் மாறிப்போச்சுலா. இன்னமும் நீ கோயிலு சர்ச்சுன்னுக்கிட்டு" என்று என்னைக் கடிந்துகொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. நீங்கள் அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. பிறகு நீயும் மாலதியும் பேசி, கோயிலும் வேண்டாம், மாதா கோயிலும் வேண்டாம், பதிவு செய்துவிட்டு பங்களா ஹோட்டலில் விருந்து வைக்கலாம் என்று முடிவு செய்தீர்கள். ஹோட்டல் யோசனை யாருடையது என்று கேட்டேன். மாலதியின் அப்பாவுடையது என்றாய். ஏன் அந்த ஹோட்டல், ஏன் அந்த ஹோட்டல் என்று அன்றிலிருந்து உன்னை அரித்துக்கொண்டே இருந்தேன். அதற்குக் காரணம் சாமி இல்லை. எழுபதாம் வருஷம் வாக்கில், நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது, அந்த மண்டபத்தில் நடந்த ஒரு விருந்து.

நீ அந்த ஹோட்டலை முன்வாசலிலிருந்துதான் பார்த்திருக்கிறாய். கறுப்பு மரச் சட்டம், வெள்ளைச் சுவர், புகைக்கூண்டு, பூந்தோட்டம். நான் பின்வாசலில் பழகியவள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இந்த மலையில் கொண்டாட்டம் என்றால் அங்கேதான். கிறிஸ்துமஸ் விருந்துக்கு எல்லாத் தோட்டத்துத் துரைமார்களும் குடும்பத்தோடு வந்து கூடுவார்கள். புதுவருஷத்துக்கு டான்ஸ். பிறகு தவ்கே என்கிற சீன முதலாளிமார்களின் பிறந்தநாள் விருந்துகள், சிங்க நடனம், மலாய்க்காரர்களின் ஹரி ராயா பெருநாள் உபசரிப்பு. டிசம்பர் பிறந்ததும் நம் தோட்டத்திலிருந்து பத்துப் பெண்களைக் கேட்டு அனுப்புவார்கள். வெள்ளிக் கரண்டி துலக்க, உருளைக்கிழங்கு உரிக்க, மண்டபத்தில் கட்டுவதற்குப் பச்சைக் கிளை வெட்டி வர. நான் ஏழெட்டு டிசம்பர் போயிருக்கிறேன். அந்தோணி அப்போது அங்கே இரண்டாவது சமையல்காரர். நம் கீழ் லயத்து வரிசை வீட்டுப் பையனாக இருந்து அங்கே வேலைக்குப் போனவர். குளிரில் எங்கள் கை விறைத்துப்போகும் என்று கேட்காமலே சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். நான் அதையும் விடவில்லை. இந்த ஆள் எதற்கு இவ்வளவு நல்லவனாக இருக்கிறான் என்று கூட இருந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

முதல் வருஷமே அங்கே ஒரு கல்யாண கேக்கைப் பார்த்தேன். ஐந்து அடுக்கு, என் தோள் உயரம், முழுக்க வெள்ளைச் சர்க்கரைப் பூ. பெண்ணும் மாப்பிள்ளையும் கத்தி வைத்தார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். மறுநாள் காலை அதைத் துடைத்து அலமாரியில் வைக்கச் சொன்னபோது விரலால் தட்டிப் பார்த்தேன். டொக் டொக் என்றது. மேல் அடுக்கு ஒன்றுதான் தின்கிற கேக். கீழே நான்கும் அட்டையும் சுண்ணாம்பும். புதுப் பூ ஒட்டி ஒட்டி எத்தனையோ கல்யாணத்துக்கு அதே நான்கு அடுக்கை நிறுத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த ஹோட்டலில் எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் யோசிப்பேன். மலாய்க்காரர் விருந்து என்றால் பாத்திரம் தனி, அடுப்பு தனி, சமையல்காரரும் தனி. அதை நானே பார்த்திருக்கிறேன். நமக்கென்று அங்கே எதுவும் தனியாக இல்லை, நமக்கு அங்கே விருந்தே நடந்ததில்லை. இன்னொன்றும் இருந்தது. பின்கட்டில் ஒரு பெரிய இரும்புச் சட்டி, ஒரு பக்கக் காது உடைந்து கம்பி சுற்றியது. சூப்புக்காக மாட்டெலும்பை அதில்தான் வேகவைப்பார்கள். எலும்புச் சட்டி என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம். அதைத் தேய்க்கும் முறை வந்தால் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிப்பேன்.

அப்படிப்பட்ட இடத்தில் நம் தோட்டத்து ஆபீஸ் கணக்கைப் பார்த்த பெரிய கிராணி தன் மூத்த பெண்ணின் கல்யாண விருந்தை வைத்தார். அந்த மண்டபத்தில் நடந்த முதல் தமிழர் விருந்து அதுதான். துரை சிபாரிசு செய்தாராம். ஆபீஸ்காரர்களை மட்டும் அழைத்திருந்தால் பேச்சே இல்லை. ஆனால் கிராணி ஒவ்வொரு லயத்துக்கும் வெற்றிலை பாக்கோடு வந்து கூப்பிட்டார். "எல்லாரும் முன்வாசல் வழியாத்தான் வரணும். நம்ம பொண்ணு கல்யாணம்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததாலேயே கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நமக்கு எதற்கு இவ்வளவு மரியாதை, யாருக்கு எதைக் காட்ட நம்மைக் கூட்டிப் போகிறார் என்று உன் அப்பாவைக் கேட்டேன். "சாப்பாடு போடக் கூப்புடுறாரு, போய்ச் சாப்பிடு" என்றார். அவருக்கு எல்லாமே அவ்வளவுதான்.

தோட்டத்து லோரியில் போனோம். மதியச் சாப்பாடு. பனி இன்னும் விலகவில்லை, கம்பியைப் பிடித்துப் பிடித்து எல்லார் கையும் மரத்துப்போயிருந்தது. வாசலில் வாளி வாளியாகச் சுடுதண்ணீர் வைத்திருந்தார்கள், கை கழுவிக்கொண்டு உட்கார. நான் உன் இரண்டு கையையும் அதில் நனைத்துத் தேய்த்துவிட்டேன். "யாரு யோசனையோ, நல்லா இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். மண்டபத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட நீள மேசைகள். அவற்றின் மேல் வாழை இலை. எனக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. அந்த விரிப்புகளை எத்தனை தடவை தோய்த்துப் பிழிந்திருக்கிறேன். அதன் முன்னால் நாற்காலியில் நான் உட்காருவேன் என்று நினைத்ததில்லை. நான், நீ, உன் அப்பா, எனக்கு வலப்பக்கம் கங்காணி பெண்டாட்டி செல்லம்மா அக்கா. உப்பு வைத்தார்கள், பொரியல் வைத்தார்கள், சோறு வந்துகொண்டிருந்தது. பேசாமல் சாப்பிட்டிருக்கலாம். எனக்குத்தான் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று குறுகுறுத்தது. பாத்ரூம் போகிறேன் என்று சொல்லி எழுந்தேன்.

பின்கட்டு வழி எனக்குத் தெரியும். மூலை திரும்பியதும் பார்த்தேன். எலும்புச் சட்டி அடுப்பில் இருந்தது. கம்பி சுற்றிய அதே காது. ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்தோணி நீளக் கரண்டியால் அதிலிருந்து வாளியில் மொண்டு ஊற்றினார். ஒரு ஆள் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துப் பக்கம் போனார். நான் நின்ற இடத்துக்கும் அந்த அடுப்புக்கும் பத்தடி இருக்கும். போய் எட்டிப் பார்த்திருக்கலாம். அவரிடம் கேட்டிருக்கலாம், தெரிந்த ஆள்தானே. நான் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் சொல்வார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேக்கைத் தட்டிப் பார்த்தவளுக்கு அது போதுமாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, செல்லம்மா அக்கா காதோடு சொன்னேன், "அக்கா, சாப்புடாதீங்க. மாட்டெலும்பு வேகவைக்கிற சட்டியிலதான் சாம்பார் ஊத்தி அனுப்புறான். என் கண்ணால பாத்தேன்." சாம்பாரைப் பார்த்தேன் என்று நான் சொன்னது பொய். நான் பார்த்தது ஆவியை.

அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். மேசை நெடுக ஒவ்வொரு தலையாகச் சாய்ந்து நிமிர்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது கங்காணியிடம் போய்ச் சேர்ந்ததும் அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். பந்தியில் எல்லாரும் முடிக்கும் முன்னால் ஒருவர் எழுந்தாலே அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு இருநூறு பேர் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. கிராணி ஓடி வந்து வாசலை மறித்துக்கொண்டு, "கோயில் அண்டாவுலதாங்க ஆக்குனது! ஆத்தா மேல சத்தியம்!" என்று கத்தினார். எழுந்துவிட்டவர்கள் மறுபடி எப்படி உட்காருவார்கள்? தலை மேசையில் துரையும் துரைசாணியும் கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டு, இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்தோ என்னவோ, சிரித்துப் பார்த்தார்கள். மேடையில் அந்தப் பெண் மாலையோடு நின்று, போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள், நாங்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகிறோம் என்பதுபோல. நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "பாயசம் இன்னும் வரலியேம்மா" என்றாய்.

மூன்றாம் நாள் மாரியம்மன் கோயிலில் பாத்திரம் கழுவ எங்கள் லயத்து முறை. அன்னதான அண்டா நான்கும் வெளியே கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்தினால் அடியில் காய்ந்த சாம்பார், கறிவேப்பிலையோடு. கிராணி சொன்னது உண்மைதான். விடியற்காலையில் லோரியில் அண்டாக்களை ஏற்றிப்போய், நம் பூசாரியே நின்று சமைத்திருக்கிறார். கூடத் தேய்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "வாசல்ல சுடுதண்ணி வச்சது அந்தோணி யோசனையாம். கோயில் அண்டாவுல எடம் இல்லன்னு அந்த எலும்புச் சட்டியில தண்ணி காய்ச்சியிருக்கான். அதப் பாத்துட்டு யாரோ கத கட்டிட்டாங்க." நான் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நல்லா இருக்கட்டும் என்று நான் வாழ்த்திய தண்ணீர். உன் கையைக் கழுவிவிட்ட தண்ணீர். அந்த யாரோ நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அண்டா நான்கும் பளபளவென்று ஆகும்வரை தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். பூசாரி உண்மையைச் சொன்னார். ஆனால் இருநூறு பேரும் வீணாக எழுந்து வந்தோம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? சாப்பாடு கோயில் அண்டாதான், ஆனால் அந்தோணி நடுவில் கரண்டியை மாற்றிப் போட்டிருப்பான், வேதக்காரனுக்கு நம் சுத்தம் என்ன தெரியும் என்று யாரோ ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் அது சௌகரியமாக இருந்தது. கிராணிக்கும்கூட. அவர் இதே தோட்டத்தில்தானே பிழைக்க வேண்டும், இருநூறு பேரோடு பகைத்துக்கொள்வதைவிட ஒரு ஆளைக் கைகாட்டுவது சுலபம். அவர் ஹோட்டலுக்குப் போய்ச் சொன்னார், அப்போதிருந்த மானேஜர் அந்தோணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன், குணா. திறந்தது உண்மை. செல்லம்மா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் அவமானம் முழுக்க என் தலையில் வந்து விழும், ஒரு வீட்டில்கூட இனி எனக்கு இலை போடமாட்டார்கள் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. பயம்தான்.

அந்தோணி பெண்டாட்டியையும் ஏழு வயது மாலதியையும் கூட்டிக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போய்விட்டார். பத்து வருஷம் கியா பார்மில் முட்டைக்கோஸ் மூட்டை தூக்கினார். சமையல்காரர் கை, மூட்டை தூக்கிய கை ஆகிவிட்டது. கிராணியின் பெண் சிரம்பானுக்கு வாழப் போனவள்தான், பிறகு இந்த மலைக்கு வரவே இல்லை. அந்த மண்டபத்தில் அதற்கப்புறம் தமிழர் விருந்து நடக்கவில்லை. நம் ஆட்களும் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. மானேஜர் மாறி, அந்தோணியைத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் அவர் பின்கட்டில் நமக்கென்று தனி அடுப்பு கேட்டு வாங்கி, ஒரு தீபாவளிக்குச் சின்னதாக ஆரம்பித்தார். இப்போது தீபாவளி, பொங்கல், கல்யாணம் எல்லாம் அங்கே நடக்கிறது. நான் மட்டும் ஒன்றுக்கும் போனதில்லை. தலைவலி என்று சொல்லிவிடுவேன். நீயும் நம்பினாய், அப்பாவும் நம்பினார். நீங்கள் இரண்டு பேரும் எதையும் நம்புகிற ஜாதி.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. பழையதைக்கூட அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அறிந்தே செய்தேன். ஹோட்டல் யோசனை அந்தோணியுடையது என்று நீ சொன்னதும் எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். அதே மண்டபத்தில், என் மகன் கல்யாணத்தில், தன் ஆட்களைப் பாதிப் பந்தியில் எழுந்து போகச் சொல்லிப் பழி தீர்க்கப்போகிறார். அப்படித்தான் நினைத்தேன். அவர் சிரித்துப் பேசினால் ஏன் சிரிக்கிறார் என்று நினைத்தேன். உன் ஜாதகத்துக்கு மேடான இடம் ஆகாது என்று சோசியர் சொன்னதாகச் சொன்னேனே, நான் எந்தச் சோசியரையும் பார்க்கவில்லை. அதுவும் பலிக்காமல் போகவே, போன வாரம் ரிங்லெட்டுக்குப் போய் உன் சித்தி வீட்டிலும் மற்ற சொந்தக்காரர்கள் வீட்டிலும், பிறகு நம் லயத்திலும், ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "வீட்டுலயே பசியாறிட்டு வாங்க. அங்க சும்மா உக்காந்து எந்திரிச்சா போதும்" என்று சொல்லி வைத்தேன். அவர் பக்கம் எழுந்தாலும் நம் பக்கம் பசியோடு அவமானப்படக் கூடாது என்பது என் கணக்கு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நான் முன்பு பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகும் ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி ஹோட்டலுக்கே போனேன், என்ன சதி செய்கிறார் என்று நேரில் பார்த்துவிட. கால் தன்னால் பின்வாசலுக்குத்தான் போனது. அந்தோணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க சம்மந்திமா! முன்னாடி வாசல் இருக்கையில ஏன் இப்புடி வர்றீங்க?" என்று எழுந்தார். அடுப்புகளைக் காட்டினார். "இந்தப் பக்கம் நம்ம சமையலுக்கு மட்டுந்தான். அந்தப் பக்கத்துச் சட்டி இங்க வராது. யாரு வந்து பாக்கணும்னாலும் கதவு தொறந்தேதான் இருக்கும்" என்றார். நான் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தேன், வெட்கமே இல்லாமல். அவர் பொறுமையாக நின்றார்.

"ஏன் அண்ணே இந்த ஹோட்டலு? கோயில் மண்டபம் இருக்கு, ஒங்க சர்ச் ஹால் இருக்கு" என்றேன்.

"கோயில்ல வச்சா எங்க ஆளுங்க வாசல்லயே நிப்பாங்க. சர்ச்சுல வச்சா ஒங்க ஆளுங்க நிப்பாங்க. இங்க எல்லாரும் உக்காரலாம்லா." இன்னொரு கீரைக் கட்டை எடுத்துப் பிரித்தார். "எனக்கும் ஒரு ஆச இருக்கு சம்மந்திமா. அன்னைக்கு எந்திரிச்சுப் போன அதே ஆளுங்க, அதே ஹால்ல, நான் ஆக்குனத முழுசாச் சாப்புட்டு எந்திரிக்கணும். மக கல்யாணத்த விட்டா எனக்கு வேற சந்தர்ப்பம் ஏது?"

"யாரு கெளப்பிவிட்டதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. தெரிஞ்சிக்கவும் வேணாம்" என்றார். "தெரிஞ்சா அந்த ஆளு எலையில என்னால சோறு வைக்க முடியாது. மனசுல ஒன்ன வச்சிக்கிட்டு எலையில சோத்த வைக்க எனக்கு வராது. அன்னைக்கு ஒரே ஒரு ஆளு அடுப்பாண்ட வந்து, 'அந்தோணி, இதுல என்ன'ன்னு கேட்டிருந்தாப் போதும். மூடியத் தொறந்து காட்டியிருப்பேன். ஒருத்தரும் கேக்கல." பிறகு, "நில்லுங்க, தேத்தண்ணி கலக்குறேன்" என்று போனார்.

அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் ரிங்லெட் வரும்வரை ஒரே யோசனை. இந்த மனுஷனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தாரா? இல்லை, நிஜமாகவே தெரியாமல் தன் ஆசையை என்னிடம் சொன்னாரா? பார், அவருடைய நல்ல மனசைக்கூடத் தட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவர் பதினாறு வருஷம் காத்திருந்த பந்திக்கு, வயிறு நிறைந்த ஆட்களை அனுப்பி வைக்க ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கிறேன். இலையைத் தொட்டும் தொடாமலும் அவர்கள் எழுந்தால் அவருக்கு அது இரண்டாவது தடவை. இந்தத் தடவை அவர் மகள் மேடையில் நின்று கும்பிடுவாள்.

உன் அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "இத்தன வருசம் ஒன் பக்கத்துலதானே இருந்தேன்" என்றார், அவ்வளவுதான். இன்று காலையிலிருந்து அவர் தேத்தண்ணியை அவரே கலக்கிக்கொள்கிறார். செல்லம்மா அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், நான் வாயைத் திறக்காவிட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை ரிங்லெட்டுக்கும் லயத்துக்கும் திரும்பப் போகிறேன். பசியோடு வாருங்கள் என்று சொல்வேன். ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று கேட்டால் காரணத்தையும் சொல்வேன். சனிக்கிழமை கோலா தெர்லாவுக்கு, அந்தோணி வீட்டுக்கு. அப்பா கூட வருகிறார். "நான் வாசல்ல நிப்பேன். பேசுறது நீதான்" என்று சொல்லிவிட்டார். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அந்தோணி கேட்டதை நான் மீறத்தான் போகிறேன். ஊரெல்லாம் தெரிந்து அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாமல் இருக்க விட்டால், அது அன்றைக்குச் செய்ததைவிடக் கேவலம்.

நீ குடும்பம் நடத்தப் போகிறவன். மாலதி மேல் உனக்கு என்றாவது சந்தேகம் வரும், என் ரத்தம் உன்னிடம் ஓடுகிறது, வராமல் இருக்காது. வந்தால் அவளிடமே கேள். சண்டை வந்தாலும் பரவாயில்லை, அவளிடமே கேள். அடுத்த வீட்டில் கேட்காதே, நண்பனிடம் கேட்காதே, என்னிடம் வந்து கேட்கவே கேட்காதே. நான் சொல்ல உரிமை உள்ள புத்திமதி இது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தை மாலதிக்கு நீயே படித்துக் காட்டு. எந்த வரியையும் விடாதே, எனக்காகப் பேசாதே. ஏழு வயதில் பள்ளிக்கூடம் மாறியது ஏன் என்று அவளுக்கு இதுவரை என்ன சொல்லியிருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. அவள் அழுதால் அழட்டும். இந்த வீட்டுக்கு மருமகளாக வரமாட்டேன் என்றால் அவளைச் சமாதானப்படுத்தாதே, அது நியாயம். வருகிறேன், ஆனால் உங்கள் அம்மா விருந்துக்கு வரக் கூடாது என்றாலும் அது நியாயம், நான் வீட்டில் இருந்துகொள்கிறேன். வரட்டும் என்றால் வருவேன். தலைவலி என்று சொல்லமாட்டேன். முன்வரிசையில், எல்லாருக்கும் தெரியும்படி உட்காருவேன். உன் மாமனாருக்கு என் இலையில் சோறு வைக்க மனம் வராவிட்டால் வைக்க வேண்டாம், வேறு யாரும் வைக்கவும் நான் விடமாட்டேன். சுற்றிலும் எல்லாரும் சாப்பிடட்டும். கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை அந்த நாற்காலியை விட்டு நான் எழமாட்டேன்.

அம்மா